அப்பா விட்டுப்போன மொய் நோட்டு

அப்பாவின் கருமாதி அன்று தாய்மாமன் என் தலையில் உருமா கட்டியபோது, அது வெறும் தலைப்பாகைத் துணி என்றுதான் நினைத்தேன்; வீட்டுப் பொறுப்பு என் கைக்கு வருகிறது என்பதற்கு அடையாளம் அது என்று தோன்றவில்லை. 2019 ஐப்பசி மாதம். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், தம்பி திருப்பூரில் இருக்கிறான். அம்மா ஆறு வருடம் முன்பே போய்விட்டார். வந்த சனம் கலைந்த பிறகு, அத்தை உள்ளறையிலிருந்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே மூன்று நீள நோட்டுகள். "வீட்டுப் பத்திரத்த அடகு வச்சாக்கூட திருப்பிரலாம் மருமகனே. இத மட்டும் தொலைச்சுராத" என்றார். சரி அத்தை என்று வாங்கிப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். சென்னை வந்து பீரோவுக்கு மேலே போட்டேன். அவ்வளவுதான்.

அடுத்த சில வருடங்களில் அந்தப் பையால் எனக்கு மூன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. மூன்று குடும்பங்களோடு பேச்சு நின்றது. அதில் ஒன்று மட்டும் பிறகு ஒட்டியது. யாராவது அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. ஊரில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. எனக்கோ என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அப்பா போன பிறகு ஊர்க்கணக்கு கைக்கு வந்து முழித்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மொய் என்றால் கல்யாண ரிசப்ஷனில் கவரில் 500 ரூபாய் வைத்துக் கைகுலுக்கிவிட்டு வருவது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் சென்னையில் அப்படித்தான் செய்கிறேன், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துச் செய்முறை வேறு, வாங்கிய மொய் கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுத வேண்டிய கடன். பந்தலுக்குள் நுழைகிற இடத்தில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், இன்னொருவர் எழுதுவார். ஊர்ப்பேர், அப்பா பேரின் முதலெழுத்து, பேர், தொகை. ஒரே பேரில் ஒரு ஊரில் எட்டு பேர் இருப்பார்கள் என்பதால் தெரு, தொழில், பட்டப்பேர் எல்லாம் சேர்த்து எழுதுவதும் உண்டு. எங்கள் அப்பாவின் நோட்டில் "வண்டிக்காரர் வீடு, மேலத்தெரு, 101" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வண்டிக்காரர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அவர் ஊரை விட்டுப் போய் இருபது வருடம் ஆகியிருந்தது.

இது எங்கள் பக்கம் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பேராவூரணிக்காரர். அங்கே கல்யாணம் காதுகுத்துகூட வேண்டாம், மொய்க்காகவே ஆடி மாதத்தில் விருந்து வைப்பார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் இது பெரிய விஷயம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கிடாக்கறி விருந்து போட்டு, ஆளுக்கொரு மேசை வைத்து மொய் வாங்குவார்கள். ஒரு குடும்பம் விருந்து வைத்தால் அடுத்த முறை ஐந்து வருடமாவது கழித்துத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு, எழுத வேண்டியவர்களே கையில் பணம் இல்லாமல் திணறியதையும் அவர் சொல்லியிருக்கிறார். அப்போதும் நான் கதை கேட்பதுபோலத்தான் கேட்டேன். என் பீரோவுக்கு மேலேயும் ஒரு பை இருக்கிறதே என்று தோன்றவில்லை.

2020 தை மாதம் முதல் பத்திரிகை வந்தது. அப்பாவின் கூட்டாளி ஒருவர், எனக்கு மாமா முறை. புது வீடு கட்டியிருந்தார், புதுமனை புகுவிழா. நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் அக்கா கல்யாணத்துக்கு, 2009இல், அவர் 3,000 ரூபாய் எழுதியிருந்தார். லீவு கிடைக்கவில்லை. சரி, கடனைத் திருப்பிக் கொடுத்தால் போதும்தானே என்று விசேஷம் முடிந்த மறுநாள் அவர் மகனின் நம்பருக்குப் போனில் 3,000 ரூபாய் அனுப்பினேன். கணக்கு நேராகிவிட்டது என்று நோட்டில் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தும் வைத்தேன். ஒரு வேலையைச் சுத்தமாக முடித்த நிறைவு இருந்தது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதன் பிறகு அந்த மாமா போன் எடுக்கவில்லை. ஊருக்குப் போனபோது டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்தவர், நான் வணக்கம் சொன்னதும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

என்ன தப்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை. நேரில் போகாததால் கோபம் போல என்று விட்டுவிட்டேன். விஷயம் அது இல்லை. 3,000 வாங்கியவன் 3,000 திருப்பிக் கொடுத்தால், எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் "இத்தோடு உனக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது" என்பது. மொய்யை முடிப்பது என்றே சொல்வார்கள். உறவு தொடர வேண்டும் என்றால் 4,000 எழுத வேண்டும். அதில் 3,000 பழசு, 1,000 புதுசு. அந்த 1,000 இப்போது அவர் எனக்குத் தர வேண்டியது. அவர் அடுத்த முறை 2,000 எழுதுவார், அதில் பாதி பழசு, பாதி புதுசு. யாராவது ஒருவர் எப்போதும் கொஞ்சம் கடன்பட்டே இருக்க வேண்டும், அப்போதுதான் போக்குவரத்து இருக்கும். மேசையில் பணம் கொடுக்கும்போதே "பழசு இவ்வளவு, புதுசு இவ்வளவு" என்று சொல்லிவிடுவது நல்லது. சில ஊர்களில் அப்படியே தனித்தனியாக எழுதுவார்கள். நானோ அப்பாவின் இருபத்தைந்து வருடக் கூட்டாளியிடம், அப்பா செத்த மூன்றாவது மாதத்தில், அதுவும் போனில், முடித்துவிட்டேன்.

அப்புறம் கொரோனா வந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்றார்கள். ஊரில் பெரிய விசேஷம் எதுவும் நடக்கவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கெல்லாம் சேர்த்து 2022இல் வாங்கினேன். இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்த காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா எல்லாம் ஒன்றாக வந்தன. அந்த வருடம் ஆவணியில் மட்டும் பதினாலு பத்திரிகை. நோட்டைப் பார்த்து எழுதியதில் அந்த ஒரு மாதத்துக்கு 62,000 ரூபாய். மனைவியின் ஆறு பவுன் வளையலை வைத்து ஒன்றரை லட்சம் நகைக்கடன் எடுத்தேன். மனைவி காஞ்சிபுரம் பக்கம், அவர்கள் வீட்டில் இவ்வளவு பெரிய கணக்கு கிடையாது. "உங்க அப்பா வாங்கின பணத்துக்கு என் வளையலா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் இல்லாததால் கத்தினேன். ஒரு வாரம் வீட்டில் பேச்சு இல்லை.

தம்பியிடம் பாதி கேட்டேன். "நீதானண்ணே உருமா கட்டுன" என்றான். அவன் சொன்னதிலும் பொய் இல்லை. வீட்டையும் முக்கால் ஏக்கர் நிலத்தையும் இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டோம், மூன்று நோட்டை மட்டும் பிரிக்கவில்லை. விவரம் தெரிந்த வீடுகளில் பாகம் பிரிக்கும்போதே மொய்யையும் பிரித்துவிடுவார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். இந்த ஊர்களெல்லாம் மூத்தவனுக்கு, இந்த ஊர்களெல்லாம் இளையவனுக்கு என்று பேசி, நோட்டின் ஓரத்தில் குறித்து, இரண்டு பெரியவர்கள் முன்னால் சொல்லிவிடுவார்கள். பங்காளிகளுக்கு அது தெரிந்திருந்தால் பத்திரிகையும் அதன்படி வரும். உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை வருகிறது என்றால் தயவுசெய்து இதை மறக்காதீர்கள். நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறது, இதற்கு ஒன்றும் இல்லை.

ஆக, 2019 கடைசியிலிருந்து 2023 சித்திரை வரை அறுபத்தொரு விசேஷத்துக்கு 1,94,000 ரூபாய் எழுதினேன். பாதிக்கு நேரில் போனேன், பாதிக்கு ஆள் மூலமாகவோ போனிலோ அனுப்பினேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி மதுரையில் இறங்கி, அங்கிருந்து பஸ், திரும்ப இரவு வண்டி, மறுநாள் ஷிப்ட். போக்குவரத்தும் சம்பளப் பிடித்தமுமாக அறுபதாயிரம் போயிருக்கும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு பணம் ஊருக்குள் போட்டிருக்கிறோமே, நம் பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தால் அவ்வளவும் திரும்புமே என்று. எக்செல்லில் கணக்குப் போட்டேன். நான் எழுதியது 1,94,000, கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும், அப்பா எழுதியதும் வரும். சுமாராக ஐந்து லட்சம் என்று வந்தது. மனைவியிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். வளையலை மீட்டுவிடலாம் என்று சொன்னேன். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

2023 மே மாதக் கடைசி, வைகாசி முகூர்த்தம். எங்களுக்குப் பள்ளி லீவு முக்கியம் என்று அந்தத் தேதியைப் பிடித்தேன். அதே நாளில் சுற்றுவட்டாரத்தில் மூன்று பெரிய வீட்டு விசேஷம் இருந்தது எனக்குத் தெரியாது. தேதி வைப்பதற்கு முன்னால் ஊரில் மண்டபக்காரரிடமோ சமையல் மாஸ்டரிடமோ கேட்டாலே தெரிந்துவிடும், அவர்களிடம்தான் எல்லா வீட்டுத் தேதியும் இருக்கும். பத்திரிகை 400 அடித்தேன். நேரில் வைத்தது அறுபது இருக்கும். மற்றதெல்லாம் கூரியரிலும் வாட்ஸப்பிலும் போனது. 2021 தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் கோடே அச்சிட்டிருந்தது செய்தியாக வந்தது. அப்புறம் அது சாதாரணமாகவும் ஆகிவிட்டது. பணத்தை வாட்ஸப் காலத்துக்கு மாற்றிக்கொண்ட சனம் அழைப்பையும் மாற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். மாற்றிக்கொள்ளவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டு வாசலில் நின்று, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்லாத அழைப்பு எங்கள் பக்கத்தில் அழைப்பே இல்லை. யார் வீட்டுக்கு முதலில் வைத்தோம், யாருக்குக் கடைசியில் வைத்தோம் என்பதுகூடக் கணக்கில் வரும். தாய்மாமன் வீட்டுக்கு வைத்த பிறகுதான் மற்ற வீடுகள். இதில் நான் தப்பாமல் செய்தது அந்த ஒன்று மட்டும்தான்.

எழுநூறு பேருக்குச் சமைத்தோம். முந்நூற்றிச் சொச்சம் பேர் வந்தார்கள். காலையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை, குழந்தையின் அழுகையும் மேளமும் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் இரண்டாவது பந்தியில் பாதி இலை காலியாக இருந்தபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. சமையல் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இன்னும் நாலு அண்டா அப்படியே இருக்கு. வெளிய எடுக்கவா, வேணாமா?" என்றார். மணி மூன்று. சரி வெயில் தாழ வருவார்கள் என்றேன். ஐந்து மணிக்கு மண்டபத்தில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பந்தல்காரர், பாத்திர வாடகைக்காரர், மேளக்காரர் எல்லாரும் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மொய்ப் பணத்தில்தான் தருவதாகச் சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. மேசையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஆறு மணிக்கு மொய் எழுதிய வாத்தியார், ரிட்டையரான பிறகு சுற்றுவட்டாரத்தில் எல்லா விசேஷத்துக்கும் எழுதுகிறவர், நோட்டைக் கூட்டிக் கீழே கோடு போட்டார். 1,83,500 ரூபாய். செலவு 4,12,000. கையை விட்டுப் போனது 2,28,500.

வாத்தியாரிடம்தான் கேட்டேன், ஏன் சார் இப்படி என்று. அழுகை தொண்டையில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, நாலு வருசமா பல விசேஷத்துல உங்க பேர நான்தான் எழுதுனேன். எல்லா வீட்லயும் அப்பா வாங்குனத அப்படியே பைசா சுத்தமா எழுதி முடிச்சுட்டு வந்துட்டீங்க. முடிச்ச வீட்ல இருந்து எதுக்கு வருவாய்ங்க?" என்றார். அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதிய 1,94,000 ரூபாயும் பழசு. எல்லாம் அப்பா வாங்கிய கடனைத் திருப்பியது. புதுசாக நான் எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுமே போடவில்லை. திரும்பி வர அங்கே என்ன இருக்கிறது? எக்செல்லில் கடனை அடைத்ததை முதலீடு என்று எழுதி வைத்திருந்தேன். அந்த மாமா டீக்கடையில் பேப்பரை விரித்துக்கொண்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியென்றால் அப்பா மற்றவர்களுக்கு எழுதியது எங்கே? இதுதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன். நம் வீட்டில் இருக்கும் மொய் நோட்டு நம் விசேஷத்துக்கு வந்ததைச் சொல்லும், அதாவது நாம் யாருக்குத் தர வேண்டும் என்பதைச் சொல்லும். நமக்கு யார் தர வேண்டும் என்பது அடுத்தவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நோட்டில் இருக்கிறது, இல்லையென்றால் எழுதியவரின் ஞாபகத்தில் இருக்கிறது. ஆள் போய்விட்டால் கடன் மட்டும் எழுத்தில் நிற்கும், வரவு அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். அப்பாவோ அம்மாவோ இருக்கும்போதே ஒரு நாள் நோட்டை விரித்து உட்காருங்கள். இது யார், எந்த வகையில் உறவு, இவருக்கு நாம் கடைசியாக எப்போது எவ்வளவு எழுதினோம் என்று ஒவ்வொரு பேராகக் கேட்டு, போனில் குரலாகவே பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் சலித்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா அம்மாவிடம் இதைப் போல ஆசையாகப் பேச வேறு விஷயம் கிடைப்பது கஷ்டம். நீங்கள் கொடுப்பதைத் தனி நோட்டில் எழுதுங்கள்: தேதி, ஊர், என்ன விசேஷம், பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவு, யார் பேரில் எழுதினீர்கள். கடைசி விஷயம் முக்கியம். நான் அனுப்பிய சில தொகை கொண்டுபோனவரின் பேரிலேயே ஏறியிருந்தது. இப்போது எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. மேசையில் டைப் செய்து உடனே ரசீது தருகிறார்கள். ஆள் மூலமாக அனுப்பினால் அந்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இடையில் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சட்டப்படி கல்யாணத்துக்கு மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. காதுகுத்து, புதுமனை புகுவிழாவுக்கு அந்தச் சலுகை இல்லை. உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்று சட்டம் சொல்லும் நெருங்கிய உறவைத் தாண்டி மற்றவர்கள் கொடுத்தது ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என்னைப்போல மாதச் சம்பளம் வாங்கி வரிக்கணக்கு காட்டுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

காதுகுத்து முடிந்த இரண்டாம் நாள் அத்தை வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன். அத்தை திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. ராத்திரி கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, "நோட்ட எடுத்தா" என்றார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் பேரை வாசிக்க, அவர் ஆளைச் சொன்னார். இந்த ஆள் செத்துட்டான், மகன் மேலூர்ல இருக்கான், கேதத்துக்காவது நீ போயிருக்கணும். இவுக நமக்குக் கொண்டான் கொடுத்தான், இவுகளுக்கு ஒரு ரூபா கொறைச்சாலும் தப்பு. இவன் நம்ம பங்காளி, இவனுக்குக் காசு முக்கியமில்ல, முன்னால நின்னு பந்தி பரிமாறணும். இந்த வீட்டுக்கு உங்கப்பன் பத்தாயிரம் எழுதுனான், எனக்குத் தெரியும். விடிய மூன்று மணி வரை போனது. மொத்தம் இருபத்துமூன்று வீடு, அப்பா எழுதித் திரும்பாதது. இதில் பதினேழு வீட்டுக்கு நான் வாட்ஸப்பில்தான் பத்திரிகை அனுப்பியிருந்தேன்.

போய்க் கேட்கலாமா என்றேன். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். கொடுத்த மொய்யை வாய்விட்டுக் கேட்பதைப் போன்ற அசிங்கம் வேறு இல்லை. விசேஷம் வைத்து, அழைத்து, அவர்களாக வர வேண்டும். வராவிட்டால் விட வேண்டியதுதான், இதற்காக யாரும் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போவதில்லை. ஆனால் ஒரு வழி சொன்னார். "போ. கேக்கப் போகாத. நேர்ல பத்திரிக வைக்க முடியாமப் போச்சு, தப்பா நெனைக்காதீங்கன்னு சொல்லிட்டு வர்றதுக்குப் போ." எட்டு சனி ஞாயிறு போனேன். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குழந்தையின் மொட்டைத்தலைப் படம். சில வீட்டில் வாசலோடு அனுப்பினார்கள். ஒரு வீட்டில் உங்க அப்பா எங்களுக்கு எழுதினதே இல்லையே என்று நான் கேட்காமலேயே சொன்னார்கள். சிரித்துவிட்டு வந்தேன். பத்தாயிரம் வாங்கிய வீட்டுக்காரர் அடுத்த மாதம் தம்பதியாகச் சென்னைக்கே வந்து குழந்தைக்கு அரைப் பவுனில் கம்மல் போட்டுவிட்டுப் போனார். இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர் பரண் மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, அரித்துப்போன நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். 1998இல் அவர் மகள் கல்யாணம். அப்பாவின் பேருக்கு நேரே 501 ரூபாய், பக்கத்தில் "நெல் 2 மூட்டை" என்று இருந்தது. அன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கிராம் தங்கத்துக்கு மேல் வாங்கலாம். "எங்கிட்ட அரிசி இல்லன்னு உங்கப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். அவர் அதைத் திருப்பித் தரவில்லை, தரும் நிலையிலும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இதிலிருந்து வெளியே வரவே முடியாதா என்று மனைவி கேட்டாள். முடியும். பத்திரிகையில் "மொய் தவிர்க்கவும்" என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி அடித்தால் இனி வாங்க மாட்டோம் என்றுதான் அர்த்தம், வாங்கியதைத் திருப்ப மாட்டோம் என்று இல்லை. பழைய நோட்டு முடியும்வரை கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். தூரத்து உறவு, முகம் தெரியாத ஊர் என்றால் முடிப்பதில் தப்பில்லை, பலரும் செய்வதுதான். நேரில் போய், சாப்பிட்டு, "மாமா, இனி எங்களால வந்துபோக முடியாது, அப்பா கணக்கு பாக்கி இருக்கக்கூடாதுன்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு முடித்தால் யாரும் பகைப்பதில்லை. இப்படி ஒன்பது வீட்டில் முடித்தேன். ஒரு வீட்டில் கைச்செலவுக்கு வைத்துக்கொள் என்று பஸ் காசு கொடுத்தார்கள். நாம் தொடர நினைக்கும் வீடுகளுக்கு மாதச் சம்பளத்தில் தனியாக ஒரு தொகை எடுத்து வைக்கிறோம், இரண்டாயிரம். ஆவணி, தை, வைகாசியில் அது தாங்கும். வளையலை 2024 கார்த்திகையில் மீட்டேன். வட்டி மட்டும் 41,000.

அந்த மாமாவின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2024 மாசியில் அவர் மனைவி இறந்துபோனார். கேதத்துக்குப் பத்திரிகை கிடையாது, யாரும் அழைக்கவும் மாட்டார்கள். காதில் விழுந்தால் போக வேண்டும். அத்தை போன் பண்ணி, "சொல்லிட்டேன், அப்புறம் ஒன் இஷ்டம்" என்றார். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன், திருச்சி வரை நின்றுகொண்டே. போய்ச் சேரும்போது நீர்மாலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சுடுகாடு வரை போய், எல்லாம் முடிந்த பிறகு பந்தலைப் பிரிக்கும் பையன்களோடு நாற்காலி அடுக்கினேன். காப்பி வந்தபோது மாமா தன் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் அவரும் மகனும் நின்றார்கள். பேரனுக்குக் காதுகுத்து. தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகையில் என் பேர். அதுவரை எல்லாப் பத்திரிகையும் அப்பா பேரை எழுதி "அவர்கள் மகன்" என்றுதான் வரும். போனோம், நாலு பேருமாக. மேசையில் அதே வாத்தியார். பணத்தை நீட்டினேன். ஊர்ப்பேரைக் கேட்காமலே எழுதிவிட்டு, தொகைக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"பழசா, புதுசா?"

"புதுசு சார்" என்றேன்.